மண்சுவருக்கு ஒரு மரச்சட்டை

குழித்துறை

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம்.

பழைய வீட்டை இடித்தாயிற்றா என்று கேட்டிருந்தாய். இல்லை, நிற்கிறது. தாத்தா எழுப்பிய மண்சுவரை மழையைவிட அதிகம் கெடுத்தது, பிற்பாடு அதன்மேல் பூசிய சிமெண்ட்தான். சுண்ணாம்பாக இருந்தால் ஈரம் காய்ந்து வெளியேறும். சிமெண்டுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் மண்ணைக் குழைத்துவிட்டது. மேற்குச் சுவரைத் தட்டினாலே பொள்ளென்று கேட்டது.

சிமெண்டைப் பக்குவமாக உதிர்த்தோம். அப்புறம் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கருங்கல் துண்டுகள் போட்டு, அவற்றின்மேல் அயனி மரத் தூண்கள் நிறுத்தினோம். பழைய கூரைக்கு மேலே, அதைத் தொடாமல், கழுக்கோல் என்கிற கூரைச் சட்டங்களைப் புதிதாக அடித்து ஓடு வேய்ந்தோம். சுற்றிலும், நாம் பத்மநாபபுரம் அரண்மனையில் பார்த்தோமே, அதைப்போல மரச்சட்டங்களாலான அழி. சாரல் இனி புது மரத்தில்தான் அடிக்கும். பழைய உத்தரத்தில் ஓர் ஆணிகூட இறங்கவில்லை.

இப்படி மூடிக் காப்பது புதிதல்ல. ஜப்பானில் ஹிராய்சுமி என்ற ஊரில் 1124-இல் கட்டிய மரத்தாலான பொன்மண்டபம் இன்றும் இருக்கிறது. 1288-லேயே அதைச் சுற்றி மரத்தால் ஒரு கூடம் எழுப்பி மூடியிருக்கிறார்கள். 1960-களில் கான்கிரீட் கூடம் வரும்வரை மழையையும் பனியையும் வாங்கிக்கொண்டது மரக்கூடம்தான். சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலும் ரோமானியர் காலத்துச் சுவர் மிச்சங்களைச் சுற்றி, 1986-இல் பீட்டர் சும்தோர் என்ற கட்டடக் கலைஞர் மரச்சட்டங்களை இடைவெளிவிட்டு அடுக்கிக் கூடாரம்போல் கட்டினார். காற்றும் வெளிச்சமும் அதில் தாராளமாகப் போய்வரும்.

வெளிமரத்துக்கு வார்னிஷ் வேண்டாம் என்றதும் ஆசாரிக்கு மனசே கேட்கவில்லை. எனக்கு அது மட்க வேண்டும். வடக்குப் பக்கம் இப்போதே பாசி பிடித்துவிட்டது, நல்லமிளகுக் கொடி ஒரு தூணில் பாதி ஏறிவிட்டது. ஏறட்டும். உளுத்த பலகையைக் கழற்றி வேறு போடலாம், தாத்தா மிதித்துக் குழைத்த மண்ணுக்கு எங்கே போவேன்? அரசங்கன்றை மட்டும் விடமாட்டேன். காக்கை எச்சத்தில் வந்து முளைப்பது சுவர் வெடிப்பில் வேர்விட்டால் சுவரையே பிளந்துவிடும். அழியில் முளைத்தால் அந்த இரண்டடிக்குள் நின்றே பிடுங்கிவிடலாம். சிதல், அதாவது கறையான், ஏறினாலும் கல்லின்மேல் அதன் மண்தடம் தெரிந்துவிடும்.

செங்கோட்டையில் உன் பெரியப்பா வீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் பூசப் போவதாக எழுதியிருக்கிறாயே, தயவுசெய்து கொஞ்சம் பொறு. சாரல் தொடங்குமுன் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதற்குள் அங்கே சுட்ட சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வை.

அன்புடன்,
தாசன்