கொடுத்த வேலையைத் திரும்ப வாங்காதே, கண்ணு

அன்புள்ள கண்ணு,

உன் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற பசங்க முடித்துக் கொடுக்கிற ஒவ்வொன்றையும் ராத்திரி உட்கார்ந்து நீயே திரும்பச் செய்கிறாய் என்று நேற்று போனில் சொன்னாய். தூக்கத்தைப் பற்றி அம்மா பேசுவாள், நான் வேலையைப் பற்றிப் பேசுகிறேன்.

காவேரிப்பட்டணத்து மாங்கூழ் கம்பெனியில் சீசன் நேரத்தில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். பழுக்க வைத்த பிறகு தரம் பிரிக்கிற மேசைக்கு வரும். அங்கே நிற்கிற பெண்கள் பழத்தைக் காம்புப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, ஒரு தரம் முகர்ந்து, கூழுக்குப் போகலாமா, இன்னும் ஒரு நாள் கிடக்கட்டுமா, கழிவா என்று நொடியில் முடிவு செய்துவிடுவார்கள். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர் அவர்கள் பிரித்த கூடைகளையெல்லாம் கொட்டி மறுபடி தானே பார்க்க ஆரம்பித்தார். அழுகல் ஒன்று உள்ளே போய்விடுமோ என்ற பயம், அதில் தப்பில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அந்த மேசையில் யாரும் முகர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்கள், எப்படியும் அவர் பார்க்கத்தானே போகிறார்! அப்புறம் மேனேஜர் ஒரு வேலை செய்தார். தினமும் காலையில் மேசை மேல் மூன்று பழம் வைப்பார்: இது போகலாம், இது கூடாது, இது சந்தேகம். சந்தேகமானதற்குத் தனிக் கூடை, சூப்பர்வைசர் அதை மட்டும் பார்த்தால் போதும்.

உன் சாஃப்ட்வேருக்கும் அதையே செய். அதை வாங்குகிற, ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர் கையில் போவதற்கு முன் என்னென்ன சரியாக இருக்க வேண்டும் என்று வேலை ஆரம்பிக்கும்போதே பசங்களோடு உட்கார்ந்து எழுதிவிடு, சந்தேகமானது மட்டும் உன்னிடம் வரட்டும். சில இடத்தில் நீ செய்வதைவிடச் சுமாராகத்தான் வரும், அதைப் பொறுத்துக்கொள்.

நாலு பேராக இருந்தபோது எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, இப்போது தெரிவதில்லை என்று வருத்தப்பட்டாய். நாலு பேருக்குள் ஒருவரோடு ஒருவர் பேச 6 ஜோடிதான், பத்துப் பேரானால் 45 ஜோடி, எப்படித் தெரியும்? டீ குடிக்கும்போது எடுத்த முடிவை அன்றைக்கே எல்லோரும் பார்க்கிற இடத்தில் இரண்டு வரி எழுதிப் போடு.

சம்பளத் தேதி மட்டும் தள்ளிப் போகவே கூடாது. பணம் வர வேண்டிய இடத்தில் இழுத்தால் உன் சம்பளத்தை நிறுத்து. ஆள் 20 ஆனதும் பிஎஃப் கட்டாயம், உன் பங்கு 12 சதவீதம், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், இப்போதே கணக்கில் எடுத்து வை.

வேலை ஓடவில்லை என்று நீ சொன்ன அந்தப் பையனைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதே. கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, எது சரியில்லை என்று எந்த வேலை, எந்தத் தேதி என்பதோடு முகத்துக்கு நேராகச் சொல்லு, அவன் சொல்வதையும் முழுசாகக் கேள். வீட்டில் என்ன கஷ்டமோ, யாருக்குத் தெரியும். இந்த வாரமே பேசிவிடு, ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்கு வரும்போது அவன் என்ன சொன்னான் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா