வேலைக்குப் போய்வர ஒரு கார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். புது கார் எது வந்தாலும் அதன் குதிரைத்திறன் எவ்வளவு, நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி ஆகிறது, திரை எத்தனை அங்குலம், மேற்கூரை திறக்குமா என்று விவரமாக எழுதுகிறீர்கள். எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போய் சாயங்காலம் வீடு திரும்புவதற்காகவே கார் வைத்திருப்பவர்கள், அதுவும் அந்தக் கார் பழசாகி இனி மாற்றித்தான் ஆகவேண்டும் என்ற கட்டத்தில் இருப்பவர்கள், அந்தப் பக்கத்தில் தங்களுக்கு ஆகிற விஷயத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நானும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறேன். கொஞ்ச காலமாக ஷோரூம்களில் ஏறி இறங்கியதிலும், தெரிந்த மெக்கானிக்குகளிடம் பேசியதிலும் என் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் பெரிய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலானோர் வருஷத்தில் ஒருமுறையோ இரண்டு முறையோ போகும் நீண்ட பயணத்தை மனதில் வைத்துத்தான் கார் வாங்குகிறோம். வீட்டில் எல்லோரும் ஏற வேண்டும், பெட்டிகள் எல்லாம் டிக்கியில் அடங்க வேண்டும், மலைப்பாதையில் திணறக் கூடாது. சரி, நியாயமான ஆசைதான். ஆனால் மீதி நாளெல்லாம் அந்தப் பெரிய காரில் ஒரே ஒரு ஆள், ஒரு பை, முதல் கியரும் இரண்டாம் கியருமாக நகர்கிற நெரிசல். அந்த நாட்களுக்கெல்லாம் எரிபொருள், தவணை, இன்ஷூரன்ஸ், நிறுத்த இடம் தேடும் அவதி என்று சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம். வருஷத்துக்கு ஒருமுறை போகும் அந்தப் பயணத்துக்கு ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதி, பெரிய காருக்கும் சின்ன காருக்கும் உள்ள விலை வித்தியாசத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பல பேருக்கு முடிவு அங்கேயே மாறிவிடும்.

அதற்கும் முன்னால், பழைய காரை எப்போது விடுவது என்ற கேள்வி இருக்கிறது. இதில் ஊரெல்லாம் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள்: ரிப்பேர் செலவு வண்டியின் விலையை நெருங்கிவிட்டால் தள்ளிவிடு என்று. இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய காரின் விற்பனை விலை எப்படியும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, அதோடு எதை ஒப்பிட்டாலும் ரிப்பேர் பெரிதாகத்தான் தெரியும். ஒப்பிட வேண்டியது, இந்த ரிப்பேரைச் செய்தால் இன்னும் எத்தனை மாதம் நம்பி ஓட்டலாம், அதே மாதங்களில் புது கார் தவணையிலும் மதிப்பு இறக்கத்திலும் நம்மிடமிருந்து எவ்வளவு எடுக்கும் என்பதைத்தான். கிளட்ச் பிளேட் மாற்றுவது, சஸ்பென்ஷன் புஷ்கள் போடுவது, ரேடியேட்டர் மாற்றுவது இதெல்லாம் பார்க்கப் பெரிய பில்லாக இருந்தாலும், ஒருமுறை செய்துவிட்டால் வருஷக்கணக்கில் ஓடும். என் காரில் கிளட்ச் மிதி மேலே வந்துதான் பிடிக்கிறது, காலையில் வண்டியை எடுக்கும்போது உதறல் இருக்கிறது. இதற்காக மட்டும் நான் அதை விற்க மாட்டேன். வேறு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, அடிப்பக்கச் சட்டத்தில் துரு ஏறத் தொடங்கியிருக்கிறது. பெயின்ட் அடித்தால் கண்ணுக்கு மறையும், மோதலில் தாங்கும் பலம் திரும்பி வராது. இன்னொன்று, அதில் ஈஎஸ்சி என்கிற நிலைப்புக் கட்டுப்பாடு கிடையாது. ஈர ரோட்டில் திடீரென்று ஒதுங்கும்போது வண்டி சறுக்கிச் சுழலப் பார்த்தால், தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுத்து நேராக்கும் ஏற்பாடு அது. 1995-லேயே உதிரிபாகம் செய்யும் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் பல வருஷம் மலிவான கார்களில் அதைப் போடவில்லை, போட்டாலும் உச்ச வேரியண்ட்டில் மட்டும்தான் போட்டார்கள். இந்த இரண்டுக்கும் மெக்கானிக்கிடம் மருந்து இல்லை, அதனால்தான் மாற்றுகிறேன்.

இனி மைலேஜ். விளம்பரத்தில் வரும் எண் ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் காரை ஓட்டி எடுத்தது. ஐரோப்பாவில் 2017-ல் பழைய என்இடிசி சோதனை முறையை விட்டுவிட்டு டபிள்யூஎல்டிபி முறைக்கு மாறிய பிறகு எண்கள் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கின்றன. ஆனாலும் ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் நிற்கிறவருக்கு அந்த எண் கைகொடுக்காது. நின்றுகொண்டே ஓடும் ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் மணிக்கு சுமார் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும், நகர்ந்த தூரம் பூஜ்யம். அப்புறம் இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை விட்டு 12 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் 10,000 கிலோமீட்டருக்கு சுமார் 167 லிட்டர் மிச்சம். 20 கொடுக்கும் வண்டியிலிருந்து 25 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் 100 லிட்டர்தான் மிச்சம். காதில் விழும்போது இரண்டாவதுதான் பெரிய பாய்ச்சலாகத் தெரிகிறது. ஆகவே ஏற்கெனவே நன்றாக மைலேஜ் தரும் கார் வைத்திருப்பவர், இன்னும் ஐந்து கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காகவே கடன் வாங்கிப் புது கார் எடுப்பது எனக்குப் புரியவில்லை.

எந்த எரிபொருள் என்று கேட்டால், போய்வரும் பாதைதான் பதில் சொல்ல வேண்டும். நெரிசலிலேயே கழிகிற பாதைக்கு, பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் அருமையாகப் பொருந்தும். நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடும், பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும். டொயோட்டா 1997-ல் பிரியஸை ஜப்பானில் விற்கத் தொடங்கியதிலிருந்து இதில் மர்மம் ஒன்றும் இல்லை, டாக்ஸிக்காரர்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக் காட்டிவிட்டார்கள். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அதே ஹைபிரிட்டின் லாபம் வெகுவாகக் குறையும். அவருக்கு அந்தக் கூடுதல் விலை தேவைதானா என்று யோசிக்கலாம்.

டீசலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இன்றைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, அதுதான் டிபிஎஃப், இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க அது சுமார் 600 டிகிரி வரை சூடேற வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் அலுவலகம், அங்கிருந்து பத்து நிமிஷத்தில் வீடு என்று ஓட்டினால் வடிகட்டியில் கரி பாதி எரிந்து பாதி நிற்கும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், எரிக்கப் பாய்ச்சிய டீசல் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். கடைசியில் வடிகட்டியையே மாற்றச் சொல்வார்கள், அது சின்ன பில் கிடையாது. குறைந்த தூரம் ஓட்டுகிறவரிடம் இதைச் சொல்லாமல் டீசலை விற்பது தப்பு என்றுதான் சொல்வேன்.

மின்சார காருக்கு ஒரே ஒரு கேள்விதான் தலையானது: ராத்திரியோ, வேலை நேரத்திலோ உங்கள் கார் நிற்கும் இடத்தில் மின்செருகி இருக்கிறதா? இருந்தால் பாதி யோசனை முடிந்துவிட்டது. ஒரு சின்ன மின்சார கார் 100 கிலோமீட்டருக்கு சுமார் 15 யூனிட் எடுக்கும். நாளைக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 6 யூனிட், வீட்டிலுள்ள 10 ஆம்பியர் செருகியிலேயே மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். இப்படி ஓட்டுகிறவர் ஒரு சார்ஜில் 500 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று பெரிய பேட்டரிக்குப் பணம் கொட்டி அந்தக் கனத்தையும் தினமும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. செருகி இல்லை, பொது சார்ஜரைத்தான் நம்ப வேண்டும் என்றால் வாரத்தில் சில மணி நேரம் வரிசையில் போகும், அப்போது நான் அவசரப்பட மாட்டேன். பேட்டரி வகையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை வழக்கமாக முழுக்க சார்ஜ் ஏற்றலாம், நிக்கல் கலந்த வகையில் அன்றாடத்துக்கு 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டால் ஆயுள் கூடும். வாரண்டி பெரும்பாலும் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று இருக்கும். பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றிக் கொடுப்பார்கள் என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

டெஸ்ட் டிரைவ் என்ற பெயரில் ஷோரூம்காரர்கள் காலியான அகல ரோட்டில் ஒரு சுற்று ஓட்டச் சொல்கிறார்கள். எந்தக் காரும் அங்கே நன்றாகத்தான் ஓடும். நான் நெரிசல் நேரத்தில்தான் காரைக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தேன். ஒரு காரில், வலது பக்கம் திரும்புவதற்காக மெதுவாக நகர்ந்தபோது, முன் கண்ணாடியின் ஓரத்துத் தூண் ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படியே மறைத்துவிட்டது. வண்டி நகர்கிற வேகமும் அவர் நடக்கிற வேகமும் ஒத்துப்போனதால் இரண்டு மூன்று விநாடி அவர் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே இருந்தார். தலையை முன்னால் நீட்டிப் பார்த்த பிறகுதான் ஆள் இருப்பது தெரிந்தது. அதன் பிறகு எந்தக் காரில் உட்கார்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்தத் தூணைத்தான். வெளியிலிருந்து பார்க்க அழகாகச் சரிந்து நிற்கும், உள்ளே உட்கார்ந்தால் தடிமனாக வழியை மறைக்கும்.

தானாக மாறும் கியரையும் இப்படித்தான் நெரிசலில் சோதிக்க வேண்டும். ஊர்ந்து போகும்போது, சாதாரண கியர்பெட்டியையே இயந்திரம் மாற்றிக் கொடுக்கும் ஏஎம்டி வகையில் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் தலை முன்னால் போய் வரும். உலர்ந்த இரட்டைக் கிளட்ச் வகை அதிக நேரம் ஊர்ந்தால் சூடேறும். கியர் படிகளே இல்லாத சிவிடி வழுக்கிக்கொண்டு போகும், வேகமாக மிதித்தால் இன்ஜின் கத்தும். விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் பழைய டார்க் கன்வெர்ட்டர் வகை எரிபொருளைக் கொஞ்சம் அதிகமாகக் குடித்தாலும் மிருதுவாக நகரும். ஒரு ஏற்றத்தில் நிறுத்தி ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், விளம்பரம் சொல்லாததை அது சொல்லிவிடும்.

திரை விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. ஏசியின் குளிரைக் குறைக்க ஒரு திருகு போதும், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே கை தானாகப் போய்த் திருகும். இப்போது திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து, இன்னொன்றுக்குப் போய், வழுக்கும் கோட்டை விரலால் இழுக்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தால் கார் 33 மீட்டர் தாண்டியிருக்கும். மோதல் சோதனை செய்யும் யூரோ என்கேப் அமைப்பே, திசை விளக்கு, ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கைக்குத் தட்டுப்படும் தனிப் பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று 2026-ம் ஆண்டு விதிகளில் கொண்டுவந்திருக்கிறது. நல்ல முடிவு. ஏசிக்கும் அது வரவேண்டும்.

மோதல் சோதனையில் தரும் நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து நட்சத்திரம் என்று போட்டால் எந்த வருஷத்து சோதனை என்று சேர்த்துப் போடுங்கள். விதிகள் சில வருஷத்துக்கு ஒருமுறை கடுமையாகின்றன, பத்து வருஷத்துக்கு முந்தைய ஐந்தும் இன்றைய ஐந்தும் ஒன்றாகாது. ஒரே பெயரில் வரும் கார் ஒரு நாட்டில் ஒரு கட்டுமானத்தோடும் இன்னொரு நாட்டில் வேறு கட்டுமானத்தோடும் விற்கப்படுவதும் உண்டு.

செலவில் டயர் அளவை யாரும் கவனிப்பதில்லை. பெரிய சக்கரமும் பக்கச்சுவர் குட்டையான டயரும் படத்துக்கு அழகு, குழியில் இறங்கினால் முதுகுக்கு உதை, மாற்றும்போது பைக்கு உதை. அதே காரின் கீழ் வேரியண்ட்டில் வரும் சின்ன சக்கரம்தான் அன்றாடத்துக்கு ஏற்றது. இன்ஜினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட், இன்ஜின் ஆயிலுக்குள் ஓடுகிற வகையா என்றும் கேளுங்கள். அதில் தவறான ஆயில் ஊற்றினாலோ, தாமதமாக மாற்றினாலோ பெல்ட் உரிந்து துகள் போய் ஆயில் பம்ப்பை அடைக்கும்.

இரண்டு மூன்று வருஷம் ஓடிய காரை வாங்குவதும் என் யோசனையில் இருக்கிறது. மதிப்பு வேகமாக இறங்குவது முதல் சில வருஷத்தில்தான், அந்த இறக்கத்தை வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிடுகிறார். அப்படிப் பார்க்கும்போது டயரின் பக்கவாட்டில் டிஓடி குறியோடு வரும் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். காரின் வயதைவிட டயரின் வயது வெகுவாகக் குறைந்திருந்து, ஓடிய தூரம் கொஞ்சம்தான் என்று மீட்டர் காட்டினால், ஏன் இவ்வளவு சீக்கிரம் டயர் மாற்றினீர்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். உங்கள் நிருபர் அடுத்து ஒரு காரை ஓட்டிப் பார்க்கும்போது நிறுவனம் நீட்டும் உச்ச வேரியண்ட்டை வாங்காமல், நிறைய பேர் வாங்கும் நடு வேரியண்ட்டைக் கேட்கட்டும். அதை ஒரு வாரம் நெரிசல் நேரத்தில் ஏசியோடு ஓட்டி, டேங்கை நிரப்பி அளந்த மைலேஜைப் போடட்டும். குள்ளமான ஒருவரையும் உயரமான ஒருவரையும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, தூணும் பின்கண்ணாடியும் அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதட்டும். ஒரு வருஷம் கழித்து, அதே காரை வாங்கிய வாசகர்கள் சிலரிடம் சர்வீஸ் பில்லை வாங்கிப் பார்த்து அதையும் வெளியிடுங்கள். குதிரைத்திறனுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
தினமும் காரில் வேலைக்குப் போய்வரும் வாசகர்