கொழுப்பு மாத்திரை தொடங்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. கொழுப்பு கூடியிருக்கிறதென்று அங்குள்ள டாக்டர் ரோசுவாஸ்டாடின் எழுதிக்கொடுத்ததாக நேற்று போனில் சொன்னாய். அது நல்ல மாத்திரைதான். வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் இதயத்தின் மைட்ரல் வால்வுக்குப் பதில் உலோக வால்வு வைத்த நாள்முதல், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நீ சாப்பிட்டு வருவதை அவரிடம் சொன்னாயா என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

வார்ஃபரினின் வேகம் கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும் என்பதால்தான் உன் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ரோசுவாஸ்டாடினைச் சேர்த்த பிறகு, அதுவரை சீராக இருந்த ஐ.என்.ஆர். 4-ஐத் தாண்டியவர்கள் உண்டு. அதே வகை மாத்திரையான சிம்வாஸ்டாடினும், ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்புக்குக் கொடுக்கும் ஃபீனோஃபைப்ரேட்டும் அதை ஏற்றக்கூடியவை. அவ்வகையில் இன்னொன்றான அடார்வாஸ்டாடின் பெரும்பாலும் அதை அசைப்பதில்லை. ஆனாலும் எதைக் கொடுப்பது என்பது டாக்டரின் முடிவு, நீயாக மாற்றிவிடாதே.

ஆகவே மாத்திரை தொடங்கிய ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்த்துவிடு, பிறகு அளவு நிலைக்கும்வரை டாக்டர் சொல்லும் நாளிலெல்லாம் பார். மாத்திரையின் அளவைக் கூட்டினாலும், நிறுத்தினாலும் அப்படியே செய். நிறுத்திய பின் ஐ.என்.ஆர். இறங்கிவிடக்கூடும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. உலோக வால்வு உள்ள உன் விஷயத்தில் எனக்கு அதுதான் பெரிய கவலை.

கொழுப்பு மாத்திரையால் சிலருக்குக் கெண்டைக்காலும் தொடையும் வலிக்கும். வலிக்கிறதென்று டைக்ளோஃபினாக், புரூஃபென் எதையும் கடையில் வாங்கிப் போட்டுவிடாதே. வார்ஃபரினோடு சேர்ந்தால் அவை வயிற்றில் இரத்தப்போக்கை உண்டாக்கும். வலியை டாக்டரிடம் சொல். ஆச்சி சொன்னார்கள் என்று திடீரென்று தினமும் முருங்கைக்கீரை சாப்பிடவும் தொடங்காதே. அதிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேகத்தைக் குறைத்துவிடும். கீரையை விடவும் வேண்டாம், வழக்கமாகச் சாப்பிடும் அளவிலேயே வைத்துக்கொள்.

நம் மருந்துக்கடைக்குக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும் பெரியவர் ஒருவர், ஐ.என்.ஆர். சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். காய்ச்சல் மாத்திரை கேட்க வந்தாலும் முதலில் அந்த உறையைத்தான் மேசைமேல் எடுத்து வைப்பார். நீயும் அதுபோல ஒன்று வைத்துக்கொள்.

மலம் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, ஈறில் இரத்தம் நிற்காமல் வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. பரிசோதனை முடிந்ததும் சீட்டைப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா