கழுதையின் பின்னங்கால் பெயரும் வரட்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டு முடியும் நேரத்தில் உங்கள் இதழில் வரும் பள்ளிச் செய்திகள் பக்கத்தை நான் ஒரு வரி விடாமல் படிப்பேன். படித்துவிட்டுக் கொஞ்சம் எரிச்சலோடு மடித்து வைப்பேன். மேடையில் பங்குத்தந்தை, பக்கத்தில் தலைமை ஆசிரியை, நடுவில் சிறப்பு விருந்தினர், ஓரத்தில் கோப்பையோடு நாலு பிள்ளைகள். கீழே 'விழா இனிதே நிறைவுற்றது' என்று ஒரு வரி. பள்ளியின் பெயரை மட்டும் மாற்றி அதே செய்தியைப் பத்துப் பள்ளிகளுக்குப் போடலாம்.

குறை சொல்லத் தொடங்கிவிட்டேன், அதைச் சொல்ல நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறிய கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். வகுப்புக்கு ஓர் ஆசிரியை. மொத்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திருப்பலிக்குப் போனால் கோயிலில் முன்பாதி பெஞ்சுகள் நிறையும், அவ்வளவுதான். ஆண்டிறுதிச் செய்தி மடல் எழுதும் வேலை என்னிடம் இருந்தது. நான் கேட்டு வாங்கியதில்லை. கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று முதல் வருடம் தலையில் கட்டினார்கள். அப்புறம் ஓய்வுபெறும் வரை இறங்கவே இல்லை.

ஆரம்பத்தில் நானும் உங்கள் பக்கத்தில் வருவது மாதிரிதான் எழுதினேன். விழா, விருந்தினர், பரிசு, நன்றி. ஒரு வருடம் கிறிஸ்து பிறப்பு நாடகம் பற்றி எழுதும்போது நடித்த பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் போட்டேன். மடலைக் கொடுத்த அன்று பள்ளி விட்ட பிறகு இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் மேசைக்கு அருகில் வந்து நின்றான். தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தான். ஆள்காட்டி விரலை முதல் பெயரில் வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான். கடைசிப் பெயர் வந்ததும் மறுபடியும் மேலே போய் இன்னொரு முறை இறங்கினான். அப்புறம் என்னைப் பார்த்து, "டீச்சர், கழுதைக்கு ரெண்டு பேர்ல? ஒரு பேர்தான் இருக்கு" என்றான்.

கழுதையின் பின்னங்கால் அவன்தான். சாம்பல் நிறத் துணிக்குள் முன்னால் ஒருவன், பின்னால் இவன். நாடகம் முழுக்கக் குனிந்தே நடந்தவன். அவன் முகத்தை மேடையில் யாருமே பார்க்கவில்லை. நானும் எழுதும்போது மறந்துவிட்டேன். உடனே பேனாவை எடுத்து அவனுடைய தாளில் பெயரை எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவன், "மத்தவங்க தாள்ல இருக்காதே டீச்சர்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த ஆண்டு முதல் வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மடல் எழுத உட்கார்ந்தேன். ஒரு பிள்ளையின் பெயர் மடலில் வந்ததும் பதிவேட்டின் நகலில் பென்சிலால் ஒரு டிக். எல்லாம் எழுதி முடித்த பிறகு டிக் விழாத பெயர்கள் எப்படியும் பத்துப் பன்னிரண்டு இருக்கும். பரிசு வாங்காதவர்கள், பாடகர் குழுவில் இல்லாதவர்கள், சேட்டையும் செய்யாதவர்கள். அவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் போய்ப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் செய்தி கிடைத்துவிடும். பீடப்பூக்களுக்குத் தினமும் தண்ணீர் மாற்றியது ஒரு சிறுமி. பள்ளிக்கு முதலில் வந்து ஜன்னல்களைத் திறந்து வைத்தது இன்னொருத்தி. சேர்ந்த புதிதில் அழுத முதல் வகுப்புக் குழந்தையின் கையைப் பிடித்து ஒரு மாதம் வாசல் வரை கூட்டிப்போனவன் ஒருவன். அவன் வகுப்பாசிரியைக்கே அது தெரியாது.

இது ஏதோ என் கண்டுபிடிப்பு என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். பிரான்சில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் தொடங்கி, லத்தீனை விட்டுத் தாய்மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுக்க வைத்த புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் (1651-1719), தம் சபைச் சகோதரர்களுக்குப் பள்ளி நடைமுறை ஒன்றை வகுத்தார். விடுமுறைக்கு முந்தைய மாதத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பு மாணவர்களைப் பற்றி, எத்தனை காலமாகப் படிக்கிறான், குணம் எப்படி, பள்ளிக்கு ஒழுங்காக வருகிறானா என்று ஒரு பதிவேடு எழுதி வைக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஆசிரியருக்கு உதவட்டும் என்று. அதில் எவன் பெயரும் விடுபட வழியில்லை. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். பட்டியலில் ஒரு பெயரை விட்ட என் போன்றவர்களுக்கும் அவர்தான் பாதுகாவலர் என்று வைத்துக்கொள்கிறேன்.

கழுதை விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வானதூதர் வேடம் கிடைக்காமல் முகம் வாடும் பிள்ளைகளுக்கு நான் பிறகு சொல்லத் தொடங்கிய கதை இது. 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அமைத்த கிறிஸ்து பிறப்புக் குடிலில் தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை இவைதான் இருந்ததாக அவர் வரலாற்றை முதலில் எழுதியவர் சொல்கிறார். மரியா, யோசேப்பு வேடத்தில் யாரும் நின்றதாக அதில் இல்லை. ஆக, கழுதைதான் சீனியர். இதைச் சொன்ன வருடம் கழுதை வேடத்துக்கு அடிதடி ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

சில நாடுகளில் கல்வியாண்டும் டிசம்பரிலேயே முடிகிறது. குடிலும் பதிவேடும் ஒரே வாரத்தில் மூடப்படும். வேறு இடங்களில் குடில் நடுவிலும் பிரியாவிடை கடைசியிலும் வரும். எப்படி இருந்தாலும் சிறிய பள்ளியில் வருட முடிவு வீட்டு விசேஷம் போலத்தான் நடக்கிறது. மேடைக்குப் பலகை சுமப்பது பெற்றோர், ஒலிபெருக்கியைக் கட்டுவது யாரோ ஒரு பிள்ளையின் மாமா, தேவதைகளின் இறக்கையை ஒட்டவைப்பது பாட்டி. நன்றித் திருப்பலியில் மன்றாட்டு நேரத்தில் அந்த ஆண்டு யாருடைய வீட்டில் யார் இறந்தார்கள் என்று பெயர் சொல்லி வாசிப்பார்கள். அந்தப் பிள்ளை எந்த பெஞ்சில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேற்று மதப் பிள்ளைகளும் அதே பெஞ்சுகளில்தான் இருப்பார்கள். கத்தோலிக்கர் அல்லாத மாணவரும் படிக்கும் பள்ளிகளைத் திருச்சபை மிகவும் நேசிக்கிறது என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கல்வி பற்றிய அறிக்கையில் சொல்லியிருக்கிறது. பெற்றோரின் பேச்சை ஆசிரியர்கள் மனமுவந்து கேட்க வேண்டும், பெற்றோர் கூட்டங்கள் நடத்த வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 796ஆம் எண்ணில் இருக்கிறது. பலகை தூக்கும் அப்பாக்களுக்கு இந்த எண் தெரியாது.

இதில் எதுவும் உங்கள் பக்கத்தில் வருவதில்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை, பள்ளிகள் அனுப்புவதே அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். ஒரு பள்ளி விழாவின் செய்தியைப் படிக்கப்போகிறவர்கள் யார்? சிறப்பு விருந்தினர் ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடுவார். பிள்ளைகளின் வீட்டில்தான் அதை வெட்டி எடுத்து வேதாகமத்துக்குள் வைப்பார்கள். சிறிய பள்ளி என்றால் அடுத்த வருடம் போதிய பிள்ளைகள் சேருவார்களா என்ற கவலையும் கூடவே இருக்கும். அப்படி மூடிப்போகும் பள்ளிக்கு மிஞ்சுவது அந்த வெட்டி எடுத்த தாள்தான்.

எனவே ஒரு வேண்டுகோள். அரைப் பக்கம் ஒதுக்குங்கள். தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பை முடித்துவிட்டுப் போகிற பிள்ளைகளின் பெயர்களை அனுப்பச் சொல்லிப் பள்ளிகளிடம் கேளுங்கள். முழுப் பெயரும் முகவரியும் வேண்டாம். பெயரும் வகுப்பும் போதும். படம் போடுவதாக இருந்தால் பெற்றோரின் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் அது அவசியம். மணி அடித்தவர், வகுப்பறை கூட்டியவர் பெயரும் சேரட்டும். ஓய்வுபெறும் சிஸ்டருக்கு எப்படியும் நீங்கள் இடம் கொடுப்பீர்கள்.

இடம் போதாது என்றால் படத்தை எடுத்துவிடுங்கள். பெயர்களை எவ்வளவு சின்ன எழுத்தில் போட்டாலும் சரி, பிள்ளைகள் விரல் வைத்துத் தேடிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்