சிம்பாவின் சாப்பாட்டுப் பை பற்றி மகளுக்கு

விசுவமடு,
மாசி மாதம்.

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கிவிட்ட நேரம் அது. இப்போது நெல்லும் வீட்டுக்கு வந்துவிட்டது, வைக்கோலையும் போராக்கிவிட்டோம். ஆறுதலாக எழுதுகிறேன்.

உன் நாய் சிம்பாவுக்கு வயிறு இளகிப் போகிறது, கடையில் நின்ற பிள்ளை தானியம் சேர்க்காத 'பிரீமியம்' உணவுக்கு மாறச் சொல்லிவிட்டாள், பதினொரு கிலோப் பை 120 டொலர் என்றாய். முன்பு வாங்கியது 55 டொலர். இரண்டு வேலை செய்து அந்தப் பணத்தைத் தேடுகிறாய். வாங்காவிட்டால் அவனுக்குக் குறை வைத்ததாகிவிடுமோ என்று கேட்டபோது உன் குரல் உடைந்திருந்தது. அது இரண்டு நாளாக என் காதை விட்டுப் போகவில்லை.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டத்தில் 'பிரீமியம்' என்பதற்கு வரையறையே இல்லை. அப்படி அச்சடித்த உணவில் மற்றவற்றைவிட உயர்ந்த பொருள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு வாக்கியத்தைத்தான் நீ தேட வேண்டும். 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று இருக்கும், எந்த வயதுக்கு என்றும் இருக்கும். ஆஃப்கோ எனப்படும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவுகளை வைத்து அது எழுதப்படுகிறது. வளர்ந்த நாய்க்கு, நீரை நீக்கிப் பார்த்தால் குறைந்தது 18 சதவீதம் புரதம், குட்டிக்கு 22.5. அந்த வாக்கியம் 55 டொலர்ப் பையில் இருக்க, 120 டொலர்ப் பையில் இல்லை என்றால், மலிவானதுதான் நல்ல பை.

நீரை நீக்கிப் பார்ப்பது என்றால் என்ன என்று நீ கேட்பாய். முப்பது வருடம் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தராக வீடு வீடாகப் போய் மாட்டுக்காரர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த கணக்கு இது. ஒரு கட்டுப் பச்சைப் புல் பாரமாக இருக்கும், காய வைத்தால் கால்வாசிதான் மிஞ்சும். நாய் உணவும் அப்படித்தான். தகர டின்னில் புரதம் 9 சதவீதம் என்று இருக்கும், உலர்ந்த உணவில் 26 என்று இருக்கும். டின்னில் 78 பங்கு தண்ணீர். மிச்சம் 22 பங்கில்தான் அந்த 9 இருக்கிறது. அதாவது 41 சதவீதம். உலர்ந்த உணவில் 10 பங்கு தண்ணீரை நீக்கினால் 29 வரும். 'முதல் பொருள் கோழி இறைச்சி' என்று பெருமையாக எழுதியிருப்பதும் இதே கதைதான். பொருள்களை எடையின்படி வரிசைப்படுத்துகிறார்கள். பச்சை இறைச்சியின் எடையில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் அது முதலில் வந்து நிற்கிறது. உலர்த்தி அரைத்த கோழித் தூள் மூன்றாவது இடத்தில் இருந்தாலும் கூடிய புரதம் கொடுக்கக்கூடும்.

புரத எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. ஆய்வுகூடம் புரதத்தை நேரடியாக எண்ணுவதில்லை. நைதரசனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியா கரைத்துத் தெளித்து நாங்கள் மூடி வைப்போமே, நினைவிருக்கிறதா? அந்த வைக்கோலின் புரத எண் ஏறிவிடும். மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த நைதரசனைப் புரதமாக்கிக்கொள்ளும், ஆகவே அது நேர்மையான வேலை. நாய்க்கு அந்த வயிறு இல்லை. 2007 இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற நைதரசன் மிகுந்த இரசாயனத்தைக் கலந்து எண்ணை உயர்த்திவிட்டார்கள். வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. திரும்பப் பெறப்பட்ட உணவுகளில் மலிவான பெயர்களும் இருந்தன, விலை கூடிய பெயர்களும் இருந்தன. ஒரே ஒப்பந்த ஆலை பல பெயர்களுக்குச் செய்து கொடுத்திருந்தது.

தானியம் இல்லாத உணவு என்பதில்தான் எனக்குப் பெரிய பயம். 2018 ஆடி மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு விசாரணை தொடங்கியது. தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு சேர்த்த உணவுகளைத் தின்ற நாய்களுக்கு இதயத் தசை பலவீனமாகி இதயம் விரிவதாக முறைப்பாடுகள் வந்திருந்தன. அந்த நோய் பொதுவாக வராத இனங்களிலும் வந்தது. காரணம் இன்னும் முடிவாகவில்லை, 2022 இன் இறுதியில் புதிய அறிவியல் தகவல் கிடைக்கும்வரை மேலும் அறிக்கை வெளியிடுவதில்லை என்று அந்த நிர்வாகம் சொல்லிவிட்டது. முடிவாகாத ஒன்றை, தேவை இல்லாமல், இரண்டு மடங்கு விலை கொடுத்து என் பிள்ளை ஏன் வாங்க வேண்டும்? நாய்க்குத் தானியம் ஆகாது என்பதும் சரியில்லை. மாச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூட என்று 2013 இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதரோடு சோறு தின்று வாழ்ந்த சீவன் அது. உண்மையிலேயே ஒவ்வாமை உள்ள நாய்களுக்கும் பெரும்பாலும் மாட்டிறைச்சி, பால், கோழி போன்றவைதான் காரணமாக இருக்கின்றன.

பெரியம்மா உன் செலவைக் கேட்டுவிட்டு, "கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளை நாய்க்கு இவ்வளவு கொட்டுகிறாளா" என்று கோபித்தார். நான் உன் பக்கம்தான் பேசினேன். 2009 தை மாதம் போரில் நாங்கள் இந்த வீட்டை விட்டுப் புறப்பட்டபோது எங்கள் நாய் கறுப்பன் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் உடையார்கட்டு வரை ஓடி வந்தான். பிறகு காணவில்லை. உனக்கு ஒன்பது வயது. கிடைத்த பிஸ்கட்டில் பாதியை அவனுக்கென்று பல நாள் சட்டைப் பையில் வைத்திருந்தாய். இன்று 120 டொலரை நீட்டுவது அந்தப் பிள்ளைதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பணம் சிம்பாவின் வயிற்றுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இவ்வளவு எழுதுகிறேன்.

விலை கூடியது எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. நான் வேலையில் இருந்தபோது கிளிநொச்சியில் ஒரு வீட்டில் அல்சேஷன் குட்டி வாங்கி, ஆசையோடு சோறும் இறைச்சியும் மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். நான்காம் மாதத்தில் முன்னங்கால்கள் வளைந்து, எழும்ப முடியாமல் கிடந்தது. இறைச்சியில் பொஸ்பரஸ் கூட, கல்சியம் மிகக் குறைவு. எலும்பிலிருந்து உடல் கல்சியத்தைக் கரைத்து எடுத்துவிட்டது. குட்டிகளுக்கென்று செய்த பை உணவுக்கு மாற்றிய பிறகுதான் அது நிமிர்ந்தது. வளரும் பெரிய இனக் குட்டிக்கும், சிறுநீரகம் பழுதாகி வைத்தியர் தனி உணவு எழுதிக்கொடுத்த நாய்க்கும் கடன்பட்டாவது நல்லதை வாங்கு என்பேன். சில விலை கூடிய உணவில் கலோரி செறிவாக இருப்பதால் கிண்ணத்தில் குறைவாகப் போட்டால் போதும். ஆகவே பையின் விலையை விட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு பணம் முடிகிறது என்று கணக்குப் பார். சிம்பாவுக்கு ஐந்து வயது, நோயும் இல்லை.

வயிறு இளகுவதற்கு முதலில் மலத்தை மிருக வைத்தியரிடம் கொடுத்துப் பூச்சி இருக்கிறதா என்று பார். நீயும் மருமகனும் இடையில் கொடுக்கும் தின்பண்டங்களை நிறுத்து. பிறகு கொடுத்தாலும் அவை ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உணவை மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்று. ஒரே நாளில் மாற்றினால் நல்ல உணவுக்கும் கழியும். உணவு ஒத்துக்கொள்கிறதா என்று அவன் உடம்பே காட்டும். மலம் உருண்டையாக இருக்க வேண்டும், மயிர் மினுங்க வேண்டும். விலாவைத் தடவிப் பார். விரித்த கையின் புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுப்படுவதுபோல இருந்தால் சரி. மடக்கிய கையின் முட்டுப்போலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கைபோல மெத்தென்றிருந்தால் கொழுப்பு.

இங்கே நிற்கும் எங்கள் நாய் வீமனுக்கும் அந்தப் பை வாங்கப் பணம் அனுப்புவதாகச் சொன்னாய். வேண்டாம். அவனுக்கு அம்மா குறுணல் அரிசிச் சோற்றோடு, முள் நீக்கிய குளத்து மீனும் பூசணியும் அவித்துப் போடுகிறார், இடைக்கிடை முட்டையும் ஈரலும். வெங்காயம் சேர்ந்த கறி எதுவும் இல்லை, அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். இதுவும் எல்லாச் சத்தும் நிறைந்த உணவு என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அவன் திடமாக இருக்கிறான். விசர்நாய்த் தடுப்பூசி அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது, இந்த வருடமும் போட்டாகிவிட்டது. பணம் அனுப்பத்தான் வேண்டும் என்றால், வாசிகசாலைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்விக்க அனுப்பு. இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது, ஒன்றும் மிஞ்சவில்லை.

பழைய பையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. சிம்பா நிற்கும்போது மேலிருந்து ஒரு படமும் எடு, இடுப்பு தெரிய வேண்டும். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா