கோலுக்கு நிற்பவனுக்கும் ஒரு பயிற்சியாளர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லாக்ராஸ் (நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) திரும்ப வருவது பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1908-க்குப் பிறகு பதக்கத்துக்கு ஆடப்போவது இப்போதுதான், களத்தில் அணிக்கு 6 பேர், எட்டெட்டு நிமிடமாக நான்கு பகுதி, பந்து கைக்கு வந்தால் 30 வினாடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும் என்பதெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கோல் அடிப்பவர்களுக்கு முக்கால் பக்கம், கோல்கீப்பருக்கு ஒரே வரி. உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துப் பள்ளிகளில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை, எங்கே போனாலும் சாயங்காலம் பந்து உருளாத மைதானம் இல்லை. கோலுக்கு யாரை நிறுத்துகிறோம்? ஓட முடியாதவனை, இல்லையென்றால் கடைசியாக வந்து சேர்ந்தவனை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் நேராகக் கண்ணில் வந்து விழும். அவன் கண்ணைக் கசக்குவதற்குள் கோல் விழுந்துவிடும், உடனே வசவு. பயிற்சி என்று பார்த்தால், பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று ஒருத்தன் மேல் மாறி மாறிப் பந்தை உதைப்பார்கள். அது உதைப்பவர்களுக்குப் பயிற்சி. நிற்பவன் எதைக் கற்றுக்கொண்டான்? ஒரு குறுவட்டப் போட்டியில், நான்காவது கோல் விழுந்ததும் ஒரு பள்ளியின் மாஸ்டர் எல்லார் முன்னாலும் கீப்பர் பையனைக் கன்னத்தில் அறைந்ததைப் பார்த்தேன். தடுப்பாட்டக்காரர்கள் மூன்று பேரைத் தாண்டி வந்த பந்து அது. அந்த மூன்று பேரையும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பையன் அதற்கப்புறம் மைதானத்துப் பக்கமே வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

என் மகள் கனடாவில் இருக்கிறாள். அங்கே கோடைக்காலத் தேசிய விளையாட்டே லாக்ராஸ்தான். பேரன் ஆடுகிறான், கோல்கீப்பர். (நம் ராசி அப்படி.) போயிருந்தபோது அவனோடு பயிற்சிக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாரும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, கீப்பர்களை மட்டும் தனியே கூட்டிக்கொண்டு போய் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அது ஒன்றுதான் வேலை.

லாக்ராஸ் கோல், ஆறடிக்கு ஆறடி. பந்து கெட்டி ரப்பர். நன்றாகத் தேர்ந்த ஆண்கள் அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பந்து எதிராளியின் மட்டையை விட்டுக் கிளம்பும் இடத்தைக் கண் பிடித்தாக வேண்டும். அந்தப் பயிற்சியாளர் மட்டையை வாங்கி வைத்துவிட்டு, டென்னிஸ் பந்தைக் கையால் எறிந்தார். பையன் வெறுங்கையால் பிடிக்க வேண்டும். முதலில் கை போக வேண்டும், கூடவே பந்து வரும் பக்கத்துக் கால் ஓர் எட்டு முன்னால் போக வேண்டும். ஒரு பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் திட்டவில்லை. இரண்டடி கிட்டே வந்து, இன்னும் மெதுவாக எறிந்தார். முகம் திரும்பாமல் நின்ற பிறகுதான் பழைய தூரத்துக்குப் போனார்.

இந்த ஆட்டத்தில் கோலுக்குப் பின்னாலும் இடம் உண்டு. பந்தை வைத்திருப்பவன் கீப்பரின் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு நிற்பான். கீப்பர் திரும்பிப் பார்த்துக்கொண்டே, பந்து எங்கே, யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று தன் ஆட்களுக்குக் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். என் பேரன் வீட்டில் வாயே திறக்காதவன். ஆளில்லாத மைதானத்தில் அவனைத் தனியாக நிறுத்திக் கத்தவைத்தார்கள்.

இன்னொன்று. வருகிற பந்தில் பாதிக்குமேல் தடுத்தாலே அங்கே நல்ல கீப்பர். அப்படியென்றால் மீதி உள்ளே போகும், போகத்தான் செய்யும். ஒலிம்பிக்கில் ஆடப்போகும் இந்த ஆறு பேர் ஆட்டத்தில், கோல் விழுந்ததும் வலையிலிருந்து பந்தை எடுத்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கிவைப்பதும் அதே கீப்பர்தான். தலையைத் தொங்கப்போட நேரம் கிடையாது. அதையும் பழக்குகிறார்கள்.

பேரனின் மட்டை நுனியில் ஆழமான வலை கட்டியிருக்கிறது, பட்ட பந்து தெறித்துப் போகாமல் இருக்க. அந்த வலை அறுந்தால் கட்டிக்கொடுக்க நம் கரையில் ஆளுக்குப் பஞ்சமில்லை என்று பேரனிடம் சொன்னேன்.

லாக்ராஸ் ராமநாதபுரத்துக்கு வரலாம், வராமலும் போகலாம். வந்தால் முதலில் கீப்பரைத் தயார் செய்யட்டும். மார்புக் கவசமும் தொண்டைக் காப்பும் இல்லாமல் அந்த ரப்பர் பந்துக்கு முன்னால் எந்தப் பிள்ளையையும் நிறுத்த வேண்டாம். இப்போது நான் கேட்பது, இருக்கிற கால்பந்து, ஹாக்கி, ஹேண்ட்பாலுக்கு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைக்கால முகாமில், தினமும் ஒரு மணி நேரம் கீப்பர்களுக்கென்று ஒதுக்கட்டும். சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து ஆள் தேட வேண்டாம். ஒரு காலத்தில் நன்றாக கோலுக்கு நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று விசைப்படகில் போகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கரையில்தான் இருப்பார்கள். கேட்டால் வருவார்கள், ஒரு மதிப்பூதியம் கொடுத்தால் இன்னும் சந்தோஷமாக வருவார்கள்.

அப்புறம், பள்ளிகளுக்கு வாங்கும் சாமான் பட்டியலில் பந்து இருக்கும், வலை இருக்கும், ஜெர்சி இருக்கும். கீப்பர் கையுறை இருந்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கு இரண்டு ஜோடியாவது சேர்க்கச் சொல்லுங்கள், ஒன்று சின்ன சைஸில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.