மகன் மறுபடி ஞானஸ்நானம் எடுப்பது பற்றி

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். போன ஞாயிறு பேத்திக்கு ஞானஸ்நானம் ஆனது. எங்கள் சபைப் போதகர் ஐயர் மூன்று தடவை தலையில் தண்ணீர் விட்டபோது சும்மா இருந்தவள், நெற்றியில் சிலுவை போட்டதும் வீறிட்டு அழுதாள்.

குழந்தையில் நம் சபையில் ஞானஸ்நானம் பெற்ற உன் மகன், இப்போது பெந்தெகொஸ்தே சபையில் தண்ணீரில் முழுதும் மூழ்கி எடுக்கும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். அதற்காக அவனோடு பேசாமல் இருந்துவிடாதே. 'விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்' என்று மாற்கு 16 சொல்லும் வரிசை, முதலில் விசுவாசம் பிறகு ஞானஸ்நானம், அவன் பக்கம்தான் இருக்கிறது. குழந்தை ஞானஸ்நானத்துக்கு நாம் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனைக் காட்டுவோம். ராத்திரியோடு ராத்திரியாக தன் காவலில் இருந்த பவுல், சீலா இருவரின் காயங்களையும் அவன் கழுவினான். உடனே அவனும் அவன் வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. ஆகவே வசனத்தைக் காட்டி யாரும் யார் வாயையும் அடைக்க முடியாது.

அடைக்கப் பார்த்த காலமும் உண்டு. 1525 ஜனவரியில் சூரிச் நகரில், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத கான்ராட் கிரேபெல், தன் தோழர் ஜார்ஜ் பிளவ்ராக்குக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டே வருஷத்தில் அவர்கள் கூட்டாளி பெலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் அமுக்கிக் கொன்றது நகர மன்றம். குழந்தை ஞானஸ்நானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று செய்த பாவம் அது. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஆனாலும் 'குழந்தையில் ஊற்றியது வெறும் தண்ணீர்' என்று உன் மகன் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கைக்குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, கொடுக்கவும் ஒன்றுமில்லை. அந்த நிலையிலேயே கிருபை முந்திக்கொண்டு வருகிறது என்பதுதான் நம் விசுவாசம். ஞானப்பெற்றோர் அவனுக்காகச் சொன்ன வாக்கை அவனே தன் வாயால் சொல்லும் இடம் திடப்படுத்தல் ஆராதனை. அதைப் பல சபைகளில் பள்ளிப் பரீட்சை போல ஆக்கிவிட்டார்கள்: மனப்பாடம், வெள்ளை உடுப்பு, போட்டோ, பிரியாணி. அங்கே கிடைக்காததைத்தான் பிள்ளைகள் முழுக்கில் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

1970-ல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் ஆங்கிலிக்கர்களும், விசுவாசித்தவர்களுக்கு மட்டும் முழுக்குக் கொடுக்கும் பாப்டிஸ்டுகளும் சேர்ந்தே வந்தார்கள். இரண்டு முறைக்கும் அங்கே இடம் வைத்தார்கள். இரண்டு சபைகளுக்கு முடிந்தது, அப்பனுக்கும் மகனுக்கும் முடியாதா?

முதலில் அவனை உங்கள் ஐயரிடம் கூட்டிப்போ. தான் இரட்சிக்கப்பட்ட சாட்சியை நம் சபை நடுவே சொல்ல அவனுக்கு ஒரு ஞாயிறு கேள். அதற்குப் பிறகும் முழுக்குத்தான் வேண்டும் என்றால் தடுக்காதே, நீயும் கூடப் போ.

அன்புடன்,
உன் நண்பன்